சபைக்குப் போகுமுன்: வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றுதானே?

இல்லை. ஒரே பெயர் போல இருப்பதால் அரைவாசிப் பேர் முதல்நாள் பிழையான கட்டடத்துக்குப் போய்த் திரும்புகிறார்கள். பிரதேச செயலகம் அரசாங்கத்தின் நிர்வாக அலுவலகம். காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு, அஸ்வெசும, கிராம அலுவலர் ஊடாகப் போகும் அடையாள அட்டை விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தவர்கள் இருப்பது சபையில். ஒழுங்கை, தெருவிளக்கு, குப்பை, வாய்க்கால், சந்தை, நூலகம், சோலைவரி, கட்டட அனுமதி, கடை உரிமம், மயானம் ஆகியவை சபையின் பொறுப்பு.

குழாய்த் தண்ணீர் சபையுடையதல்ல. அது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. மின்கம்பம் மின்சார சபையுடையது. யானை வந்தால் வனஜீவராசிகள் திணைக்களம். நுளம்புப் பரிசோதனைக்கு வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பீ.எச்.ஐ., பெரும்பாலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். ஆனாலும் சபையின் பல அனுமதிகள் அவருடைய அறிக்கை இல்லாமல் நகராது.

என் வீடு எந்தச் சபைக்குள் வருகிறது?

வவுனியா நகரம் நகர சபையாக இருந்து இப்போது மாநகர சபை. 2025 மே 6 தேர்தல் மாநகர சபைக்கே நடந்தது. அதைச் சுற்றி வவுனியா தெற்குத் தமிழ், வவுனியா தெற்குச் சிங்கள, வவுனியா வடக்கு, வெங்கலச்செட்டிகுளம் என நான்கு பிரதேச சபைகள் உள்ளன. கிளிநொச்சி நகரத்துக்கென்று தனி நகர சபை இல்லை. அது கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. பூநகரிக்கும் பச்சிலைப்பள்ளிக்கும் தனிச் சபைகள். முல்லைத்தீவு மாவட்டத்தில் கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு.

தபால் முகவரியை நம்ப வேண்டாம். முகவரியில் வவுனியா என்று இருந்தாலும் வீடு பிரதேச சபை எல்லைக்குள் இருக்கலாம். சில இடங்களில் றோட்டின் ஒரு பக்கம் ஒரு சபை, எதிர்ப்பக்கம் வேறு சபை. பழைய சோலைவரிச் சிட்டை இருந்தால் அதிலேயே சபையின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் கிராம அலுவலரிடம் சபை எது, வட்டாரம் எது என்று இரண்டையும் கேட்டு எழுதி வையுங்கள். 2018 முதல் தேர்தல் வட்டார முறையும் விகிதாசாரமும் கலந்தது. வட்டாரத்தில் வென்ற உறுப்பினர் ஒருவர் இருப்பார். பட்டியலில் வந்தவர்களிடமும் தாராளமாகப் போகலாம்.

எங்கள் றோட்டு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. சபை ஏன் செய்வதில்லை?

முதலில் அது சபையின் றோட்டுத்தானா என்று பாருங்கள். ஏ-9 உட்பட ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மிச்ச உள்வீதிகளும் ஒழுங்கைகளும் சபைக்கு வரும். குளக்கட்டும் வயல் பாதையும் வேறு கதை. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு உட்பட்டுப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் கீழும் இருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. காணி பிரித்து விற்றவர் விட்ட ஒழுங்கை, சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறாமல் தனியார் பாதையாகவே கிடக்கும். அதில் சபைப் பணம் செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும். அதனால் உத்தியோகத்தர் கைவைக்க மாட்டார். இருபக்கக் காணிக்காரரும் பாதையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பமிட்டு, வரைபடத்துடன் சபைக்குக் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவிப்பதே முதல் வேலை. ஒரு வேலிக்காரர் மறுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அந்தப் பேச்சுவார்த்தையை அயலவர்கள்தான் செய்ய வேண்டும், சபை செய்யாது.

கிரவல் போட்டுத் தந்தார்கள். ஒரு மாரியிலேயே போய்விட்டதே?

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இறுகிய பிறகு 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் 45 கனமீற்றர். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கனமீற்றர். ஆகவே இறுகிய அளவில் 16 கியூப். லொறியிலிருந்து கொட்டும்போது கிரவல் பொருமி இருக்கும். ஆகையால் 20 அல்லது 21 கியூப் இறக்கினால்தான் அந்தத் தடிப்பு வரும். அதே 100 மீற்றருக்குப் பத்துக் கியூப் இறக்கிப் பரவினால் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர்தான் நிற்கும். கோடையில் தூளாகி, மாரியில் வாய்க்காலுக்குள் போய் வாய்க்காலையும் அடைக்கும்.

அளவு சரியாக இருந்தும் போகிறதென்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒரே தடவையில் கொட்டி உருட்டினால் மேல் மட்டும் இறுகும், அடி பஞ்சாகவே இருக்கும். 7 அல்லது 8 சென்ரிமீற்றராக இரண்டு படை போட்டு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்து றோலர் விட வேண்டும். றோலர் இல்லாமல் உழவு இயந்திரத்தை ஓட்டி இறுக்கினால் சில்லுப் போன இரண்டு கோடும்தான் இறுகும், பிறகு அந்தக் கோட்டிலேயே தண்ணீர் ஓடும். அடுத்தது சரிவு. நடு உயர்ந்து இருபக்கமும் சரிய வேண்டும். 3 மீற்றர் றோட்டில் நடு, ஓரத்தைவிட 6 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் போதும். ஓரங்களுக்கு நூல் கட்டி நடுவில் ஓர் அடிக்கோலை வைத்தால் யாரும் பார்க்கலாம். மூன்றாவது, பக்க வாய்க்கால் வெட்டாமல் கிரவல் மட்டும் போடுவது. வாய்க்காலுக்குக் காசில்லை என்றால் றோட்டின் நீளத்தைக் குறைத்து வாய்க்காலோடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். 60 மீற்றர் உருப்படியான றோட்டு, கரைந்துபோகும் 100 மீற்றரைவிட மேல்.

வேலை தொடங்கும்போது மதிப்பீட்டின் பிரதியைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு வாங்குங்கள். எத்தனை கியூப் என்று அதில் இருக்கும். வருகிற லோட்டை ஒருவர் படலையடியில் இருந்து எண்ணினால் போதும், சண்டை பிடிக்கத் தேவையில்லை.

மாரியில் வளவுக்குள் வெள்ளம் நிற்கிறது. யாரிடம் சொல்வது?

வன்னி குளங்களின் நாடு. மேட்டிலிருந்து குளத்துக்கும், ஒரு குளத்தின் வான் பாய்ந்து அடுத்த குளத்துக்கும் தண்ணீர் போக வழி இருந்தது. அந்த வழியில் மதில் கட்டியும் மண் நிரப்பியும் வீடு வந்ததால்தான் நகரப் பக்கத்தில் பெரும்பாலான வெள்ளம். ஆகவே வெள்ளம் நிற்கும் இடத்தைப் பார்ப்பதைவிட, தண்ணீர் மறிபட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். மழை பெய்யும்போதே குடையோடு நடந்து, தண்ணீர் எங்கே தேங்கி எங்கே குறுக்கே திரும்புகிறது என்று படம் எடுங்கள். வெயிலில் எடுத்த படம் ஒன்றையும் நிரூபிக்காது.

அடிக்கடி கண்ணில் படுவது படலை வாசல்தான். வாய்க்காலுக்கு மேலால் வாகனம் போக 4 அங்குல பீ.வி.சி. குழாயைப் புதைத்துக் கொங்கிரீட் போட்டிருப்பார்கள். 12 அங்குலக் குழாயின் வாயில் ஒன்பதில் ஒரு பங்குதான் 4 அங்குலக் குழாயின் வாய். அதிலே ஒரு குரும்பையும் ஒரு பொலித்தீனும் சிக்கினால் மேலே உள்ள பத்து வீட்டுக்கும் வெள்ளம். வாசலுக்கு மதகு போடுமுன் சபைக்கு எழுதி, எத்தனை அங்குலக் குழாய், எந்த மட்டத்தில் என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். அடிமட்டம் வாய்க்காலின் அடிமட்டத்தோடு நிற்க வேண்டும். உயர்த்திப் போட்டால் அதற்குப் பின்னால் எப்போதும் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும்.

குளத்தின் ஒதுக்குக் காணியைப் பிடித்துக் கட்டினால் சபைக்கு மட்டும் எழுதிப் பயனில்லை. குளத்துக்குரிய திணைக்களத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி வைக்க வேண்டும். அத்திவாரம் எழும்புமுன் எழுதுங்கள். கூரை போட்ட பிறகு அகற்றுவதென்றால் வழக்குத்தான்.

வாய்க்கால் துப்புரவுக்கு ஓகஸ்ட், செப்டெம்பரில் கேளுங்கள். ஒக்டோபர் கடைசியில் எல்லா வட்டாரமும் ஒரே பெக்கோவை, அதாவது மண் அள்ளும் இயந்திரத்தைக் கேட்கும். ஆபத்தான வெள்ளம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம்.

தெருவிளக்கு எரியவில்லை.

கம்பத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். “கோவிலடி லைட்” என்று சொன்னால் வேலையாள் இரண்டு தரம் அலைவார். இலக்கம் அழிந்திருந்தால் இரு கம்பத்துக்கு அப்பால் உள்ளதைச் சொல்லி எண்ணிக் காட்டலாம். விளக்குச் சபையுடையது, கம்பமும் கம்பியும் மின்சார சபையுடையது. வரிசையாக ஐந்தாறு விளக்கும் ஒன்றாக அணைந்தால் பல்பில் பிழையில்லை, ஆளியிலோ இணைப்பிலோ பிழை. அதைச் சேர்த்துச் சொன்னால் ஏணியோடு மட்டும் வந்து திரும்பமாட்டார்கள். கம்பி அறுந்து தொங்கினால் சபைக்குப் போக வேண்டாம், நேரே மின்சார சபைக்கு 1987.

குப்பை எப்படிக் கொடுப்பது?

உக்குவது வேறு, உக்காதது வேறு. நாடு முழுவதும் பொதுவான நிறம்: பச்சை உக்கும் கழிவு, நீலம் காகிதம், செம்மஞ்சள் பிளாஸ்ரிக், சிவப்புக் கண்ணாடி, மண்ணிறம் உலோகம். வீட்டில் ஐந்து வாளி தேவையில்லை. இரண்டு உரப்பை போதும், கண்ணாடியை மட்டும் பத்திரிகையில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். சுற்றாமல் போட்ட உடைந்த போத்தல்தான் தொழிலாளியின் கையை வெட்டும்.

வளவு உள்ளவர்கள் உக்கும் கழிவை வீட்டிலேயே குழியில் போடுவது நல்லது. ஈரக் குப்பை வந்தால் உழவு இயந்திரப் பெட்டி பாரமாகி, சுற்று முடிக்குமுன் நிறைந்துவிடும். கடைசி ஒழுங்கைகளில் “இன்றைக்கும் வரவில்லை” என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இரவில் வெளியில் வைக்க வேண்டாம், நாய் இழுக்கும். மரக்கொப்பு, கட்டட இடிபாடு வழமையான சுற்றில் ஏறாது, கட்டணம் கட்டித் தனியாகக் கேட்க வேண்டும். பொலித்தீன் எரிப்பது குற்றம்.

மலசலகூடக் குழி நிரம்பிவிட்டது.

சபையில் பணம் கட்டிப் பற்றுச்சீட்டு எடுத்தால் கலி பவுசர், அதாவது குழிக் கழிவை இறைக்கும் வாகனம் வரும். முன்கூட்டிப் பார்க்க வேண்டியவை: பவுசர் நிற்கும் இடத்திலிருந்து குழி எத்தனை அடி, குழாய் எட்டுமா, மூடி எங்கே. மூடிக்கு மேல் தரை ஓடு பதித்தவர்கள் வேலையாளுக்குக் காத்திருக்காமல் முதலே திறந்து வையுங்கள். 6 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி ஆழமான குழியில் ஏறக்குறைய 3,400 லீற்றர். பவுசரின் கொள்ளளவைக் கேட்டால் ஒரு சுற்றா இரண்டா என்று தெரியும்.

வளையம் இறக்கிய, அடி திறந்த குழி மாரியில் நிரம்பினால் பவுசர் இறைப்பது பெரும்பாலும் நிலத்தடித் தண்ணீரைத்தான். மூன்றாம் நாள் திரும்ப நிரம்பும், காசு வீண். இந்தக் குழிகளைக் கோடையில் இறைக்க வேண்டும். புதிதாக வெட்டுபவர்கள் கிணற்றிலிருந்து 50 அடி விடுங்கள். பக்கத்து வளவுக் கிணற்றையும் அளக்க வேண்டும்.

கட்டாக்காலி மாடுகள்?

காலபோகம் விதைத்த பிறகு மேய்ச்சலுக்கு வெறுவயல் இல்லை, தரவைகளும் சுருங்கிவிட்டன. அதனால்தான் ஒக்டோபரிலிருந்து மாடுகள் நகரத்துக்கு வருகின்றன. மழை இரவில் சூடாறாத தார் றோட்டில் படுக்கும். மோட்டார் சைக்கிள்காரருக்கு ஆபத்து அங்கேதான். சபை பிடித்துக் கட்டி, தண்டமும் பராமரிப்புச் செலவும் வாங்கி உரிமையாளரிடம் கொடுக்கும். யாரும் வராவிட்டால் ஏலம். முறைப்பாட்டில் நேரம், இடம், எத்தனை, காதுப் பட்டி இலக்கம் தெரிந்தால் அதுவும். பகலில் பிடிக்கப் போனால் மாடு இருக்காது என்பதால் நேரம்தான் முக்கியம்.

சோலைவரி எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வீட்டின் வருடாந்தப் பெறுமதியை மதிப்பிட்டு அதில் ஒரு வீதத்தைச் சபை அறவிடும். உதாரணமாகப் பெறுமதி 20,000 ரூபாய், வீதம் 6 என்றால் வருடத்துக்கு 1,200, காலாண்டுக்கு 300. முழு வருடத்தையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு, 1,080 ரூபாயோடு முடியும். காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். மதிப்பீடு கூடிவிட்டதென்றால் அறிவித்தலில் உள்ள திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். திகதி போன பிறகு கவுண்டரில் சத்தம் போட்டு ஒன்றும் நடவாது.

சோலைவரிப் பற்றுச்சீட்டு காணி உறுதியல்ல. இருபது வருடம் கட்டினாலும் அது உரித்தைத் தராது. வீடு வாங்கியவர் உறுதியின் பிரதியோடு போய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றாவிட்டால் நிலுவை அறிவித்தல் பழையவரின் பெயரில் போய்க்கொண்டிருக்கும், வீட்டைக் கைப்பற்றும் கட்டளை மட்டும் உங்கள் வாசலுக்கு வரும்.

பேர்மிற் காணியில் வீடு கட்ட அனுமதி எடுக்கலாமா?

எடுக்கலாம். வன்னியில் உறுதிக் காணியைவிட அனுமதிப்பத்திர, அளிப்புக் காணிகளே பல இடங்களில் அதிகம். உறுதிக்குப் பதிலாக அனுமதிப்பத்திரமும், பிரதேச செயலாளரின் சம்மதக் கடிதமும், நில அளவை வரைபடமும் கொடுக்க வேண்டும். சிக்குவது பெயரில்தான். பேர்மிற் தகப்பன் பெயரில், அவர் இறந்துவிட்டார், பின்னுரித்து மாற்றவில்லை. இதை முதலில் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் தீர்க்காமல் வரைபடத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பிள்ளைகள் வேலி போட்டுப் பிரித்த துண்டுக்கும் இது பொருந்தும். அனுமதியில்லாமல் பிரித்த துண்டைச் சபை தனிக் காணியாகப் பார்க்காது.

அனுமதிக்குக் காலவரை உண்டு, கடிதத்தில் திகதி இருக்கும். கட்டி முடிந்ததும் ஒத்திசைவுச் சான்றிதழ், அதாவது அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியதற்கான சான்று எடுங்கள். பலர் விடுவது இதைத்தான். பிறகு வங்கிக் கடனுக்குப் போகும்போது தேடி ஓடுவார்கள், அதற்குள் வரைபடத்தில் இல்லாத தாழ்வாரம் ஒன்று முளைத்திருக்கும்.

கடை திறக்க?

உரிமம் டிசம்பர் 31 உடன் முடியும், நவம்பரில் வாங்கினாலும் அப்படித்தான். சாப்பாட்டுக் கடை, பேக்கரி, சலூன் என்றால் பீ.எச்.ஐ. அறிக்கை வேண்டும். கராஜ், அரிசி ஆலை போன்றவற்றுக்குச் சூழல் பாதுகாப்பு உரிமமும் தேவைப்படும். முற்பணம் கொடுத்துக் கடையை எடுக்குமுன் பீ.எச்.ஐ.யிடம் கேளுங்கள். கழிவுநீர் போக வழியில்லாத கடைக்கு அறிக்கை கிடையாது.

முறைப்பாட்டுக் கடிதம் எப்படி எழுதுவது?

பிரதேச சபை என்றால் செயலாளருக்கு, மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு. தவிசாளருக்கோ முதல்வருக்கோ வட்டார உறுப்பினருக்கோ பிரதி. ஒரு கடிதத்தில் ஒரு விடயம் மட்டும். விளக்கு, வாய்க்கால், நாய் என்று மூன்றையும் சேர்த்தால் கோவை மூன்று மேசைக்கும் போய் எங்காவது படுக்கும். இப்படி எழுதினால் போதும்:

“பொருள்: அம்மன் கோவில் ஒழுங்கை மதகு உடைந்தமை. பிரதான வீதியிலிருந்து 140 மீற்றரில் உள்ள மதகின் இடப்பக்க மூடி 3 அடி நீளத்துக்கு உடைந்துள்ளது. பள்ளம் 2 அடி ஆழம். இவ்வழியை 32 குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்குமாறு வேண்டுகிறோம். படம் 2 இணைப்பு.”

“ஆவன செய்யவும்” என்று முடிக்காமல், என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான்.

பதிலே வரவில்லை என்றால்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும். தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

“ஏன் செய்யவில்லை?” என்று கேட்டால் பதில் ஒரு வரிதான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: குறித்த திகதியில் கொடுத்த எங்கள் கடிதத்தில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி, அந்த ஒழுங்கைக்கான மதிப்பீட்டின் பிரதி. பல இடங்களில், விண்ணப்பம் போன பிறகு தகவல் வருமுன் வேலையே நடந்துவிடும். மாவட்டத்தில் உதவி உள்ளூராட்சி ஆணையாளர் இருக்கிறார், அவருக்கும் பிரதி போகட்டும்.

சபைக் கூட்டத்தைப் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பேச முடியாது. பேச வேண்டியதை முன்பே உறுப்பினரிடம் பிரேரணையாகக் கொடுக்க வேண்டும். பிரதேச சபைகளின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. கேட்டால்தான் சேர்ப்பார்கள். அடுத்த வருடப் பாதீடு டிசம்பரில் நிறைவேறும். அதற்கு அளவோடு கூடிய கோரிக்கை செப்டெம்பரில் சபையில் இருக்க வேண்டும். ஜனவரியில் கேட்பவருக்கு “நிதி ஒதுக்கப்படவில்லை” என்பது உண்மையான பதில்தான், சாட்டு அல்ல.

எந்தச் சங்கத்தின் பெயரில் போவது?

தனி ஆளின் கடிதத்தைவிடப் பதிவு செய்த சங்கத்தின் கடிதத்துக்கு மதிப்பு. சனசமூக நிலையம் உள்ளூராட்சிப் பக்கம் பதிவானது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் பிரதேச செயலகப் பக்கம். சிறிய றோட்டு, மதகு வேலைகளைச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பதுண்டு. அதற்குப் பதிவு புதுப்பித்திருக்க வேண்டும், வங்கிக் கணக்கு ஓட வேண்டும், பொதுக்கூட்ட அறிக்கையும் கணக்கறிக்கையும் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறியும் வங்கியில் பழைய செயலாளரின் ஒப்பமே கிடப்பதால் காசு எடுக்க முடியாமல் நின்ற வேலைகள் ஏராளம்.

சிரமதானத்துக்குச் சபை என்ன தரும்?

இரண்டு கிழமைக்கு முன் எழுதிக் கொடுத்தால் உழவு இயந்திரம், வேலையாள், சிலவேளை பெக்கோ. மண்வெட்டி, கத்தி, பிக்கான் உங்களுடையது. வெட்டிய குப்பையை அன்றே ஏற்ற வாகனம் உறுதியாகாவிட்டால் நாளைத் தள்ளிப் போடுங்கள். வாய்க்கால் ஓரத்தில் குவித்தது முதல் மழையில் திரும்ப உள்ளே போகும்.

முக்கியமாக ஒன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலும் வவுனியா வடக்கிலும் நெடுநாள் பற்றை மூடிய இடத்தைக் கிண்டும்போது பழைய வெடிபொருள் வரலாம். துருப்பிடித்த இரும்பு, பிளாஸ்ரிக் வட்டு, கம்பி எதுவானாலும் தொட வேண்டாம், மண்வெட்டியால் புரட்டிப் பார்க்க வேண்டாம். வந்த கால்தடத்திலேயே பின்வாங்கி, தூரத்தில் கொப்பு வைத்து அடையாளம் காட்டி, 119க்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். எரிக்கவும் கூடாது. பற்றைக்குத் தீ வைத்துத் துப்புரவாக்கும் பழக்கம் இந்த இடங்களில் உயிருக்கே ஆபத்து.